வாகை மரத்தில் ஒற்றை வெட்டு

போன மாதம் கல்யாண மண்டபத்தில் நாம் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தோம். அந்த லைன் வீட்டில் சேர்ந்து வளர்ந்தவர்களில் மிச்சமிருக்கிற ஏழெட்டுப் பேர். முட்டி வலி, சர்க்கரை, பிள்ளைகள் இறக்கிய புது மிஷின் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு, வழக்கம்போல் பழைய கதை வந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அக்காவின் மகன்தான் ஆரம்பித்தான். சுற்றி நின்ற பேரப்பிள்ளைகளிடம் கையை உயரத் தூக்கிக் காட்டினான். "இத்தாப் பெரிய வாகை மரம். வெட்டப் போனாங்க. மரம் கோடாலியக் கீழ தள்ளி உட்டுருச்சு. அப்பறமும் கோவம் ஆறாம ஒரு உசுரக் காவு வாங்கிப்போட்டுத்தான் சாஞ்சுது" என்றான். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நீங்களும் தலையை ஆட்டினீர்கள். அந்தக் கோடாலியைப் போட்டவரின் மகள் உங்கள் பக்கத்து இலையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்ற நினைப்பு ஒருவருக்கும் இல்லை.

 நான் பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன்.  அம்மா இருந்தவரை இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று இருந்தேன். அவள் போன மார்கழியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யாருக்காக மூடி வைப்பது? உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது நடுவில் கொஞ்சம் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அப்புறம் தலையை ஆட்டுங்கள்.

என் அப்பாவை நீங்கள் எல்லோரும் மரக்காரர் என்பீர்கள். தெற்கே தேரிக்காட்டில் பனையேறியவர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களுக்கு முன்பே திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் அயர்ன் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் நாங்கள் வந்தோம். அப்பாவையும் அதே கம்பெனியில் கட்டிங் டேபிளில் துணி விரிக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டார். அப்பாவால் அங்கே நிற்க முடியவில்லை. டியூப் லைட்டுக்குக் கீழே நின்றால் காலையா சாயந்தரமா என்று தெரியவில்லை, தலை சுற்றுகிறது என்றார். ஒருநாள் டீ குடிக்க வெளியே வந்தவர், பக்கத்துச் சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு லோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். திரும்ப உள்ளே போகவில்லை. கோடாலி ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வேலைக்குப் பஞ்சமே இல்லை. தோட்டங்களில் எல்லாம் ஷெட் எழும்பிக்கொண்டிருந்த காலம். பொங்கலூரிலிருந்து குன்னத்தூர் வரைக்கும் யாராவது ஒருவருக்கு ஒரு மரம் இடைஞ்சலாக இருந்தது. விடிகாலையில் அப்பா கிளம்பும்போது வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். செவ்வெறும்பு ஏறாமல் இருக்கக் கை காலில் தடவிக்கொள்வார். பனையேறிப் பனையேறி அவர் நெஞ்சில் இரண்டு பக்கமும் தோல் காய்த்துத் தடித்திருக்கும். சின்ன வயதில் நான் அதை விரலால் சுண்டிப் பார்ப்பேன். வலிக்காது என்பார்.

மரம் வெட்டுவது என்றால் அடியில் நின்று கொத்துவது என்று நினைக்கிறோம். அப்பா முதலில் மேலேதான் போவார். ஷெட்டுப் பக்கம், கரண்ட் கம்பிப் பக்கம் இருக்கிற கிளைகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி, அறுத்து, கீழே இறக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை கீழே ஒருவர் கையில் இருக்கும். அவர் விடவிடத்தான் கிளை இறங்கும். அப்பாவின் இடுப்புக் கயிறும் அதே ஆளின் பொறுப்புதான். அந்த ஆள் வேறு யாராகவும் இருக்கக் கூடாது, மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் பக்கத்து வழக்கம். கூலிக்கு வந்தவனுக்குக் கை வலித்தால் விட்டுவிடுவான். மச்சானுக்கு வீட்டுக்குப் போய் அக்காள் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று சொல்லிச் சிரிப்பார். அதனால் உயரமான மரங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. மாமாவுக்கு அன்றுதான் லீவு. காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு இருவரும் நேரே மரத்தடிக்குப் போவார்கள். அப்பா மேலே ஏறியதும் மாமா பேச்சை நிறுத்திவிடுவார். கழுத்தை நிமிர்த்தி மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார். எறும்பு கடித்தாலும் குனிய மாட்டார்.

மாமாவை உங்களுக்கு நினைவிருக்கும். நம் எல்லோருக்கும் கோன் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். நூல் தீர்ந்த காகிதக் கோன்கள். அதை வாயில் வைத்து நாம் கட்சிக்காரர்கள் மாதிரி கத்துவோம். இரண்டு கோனுக்கு நடுவே நூல் கட்டி டெலிபோன் செய்து கொடுத்தார். ஒரு முனையில் நான், மறுமுனையில் அவர். 'அக்கா மவளே, இன்னைக்கு என்ன கொழம்பு?' என்று கேட்பார். அவர் சட்டையில் எப்போதும் சூடான ஈரத் துணி வாசனை இருக்கும். இப்போதும் யாராவது பக்கத்தில் அயர்ன் போட்டால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். என் மருமகள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. லைன் வீட்டுக்குப் பின்னால் சாய ஓடை ஒரு நாள் பச்சையாகவும் ஒரு நாள் கத்தரிப்பூ நிறமாகவும் ஓடும். இன்றைக்கு என்ன கலர் என்று நாம் பந்தயம் கட்டுவோம். ஓடைக்கரையில், கம்பெனி கேட்டை ஒட்டி அந்த வாகை நின்றது. சித்திரையில் இலையெல்லாம் கொட்டி, காய்ந்த நெற்றுகள் மட்டும் காற்றில் சலசலத்துக்கொண்டே இருக்கும். கம்பெனிக்குள் மிஷின் சத்தம், வெளியே நெற்றுச் சத்தம். முதலாளி புது ஷெட் போட முடிவு செய்தார். மரம் போக வேண்டும். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

முதலாளி கெட்டவர் இல்லை. அந்த இடமே அவர் அப்பாரு வெள்ளாமை செய்த காடு. எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அப்பா மரத்துப் பக்கம் போனதும் கையை நீட்டித் தடுத்தார். "மரக்காரரே, இன்னம் தொட்டுப்போடாதீங்க. பெரிய மரத்துல கை வெக்கறதுக்கு மிந்தின நாள் உத்தரவு கேக்கோணும், அது எங்க வழக்கமுங்க" என்றார். வழக்கம் இதுதான். வெட்டப்போகிறவன் முதல் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் வந்து மரத்தில் ஒரே ஒரு வெட்டுப் போட்டுக் கோடாலியை அதிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டாவது வெட்டுக் கூடாது. அதற்கு முன்னால் மரத்தைத் தொடவும் கூடாது. விடிகிறவரை கோடாலி நின்றால் மரம் சம்மதித்துவிட்டது. கீழே விழுந்தால் அதற்கு இஷ்டமில்லை, விட்டுவிட வேண்டும்.

அப்பாவுக்கு வேறு பழக்கம். எந்த மரமானாலும் முதலில் கோடாலியின் மொட்டைப் பக்கத்தால் சுற்றி வந்து தட்டிப் பார்ப்பார். காதைச் சாய்த்துக் கேட்பார். அதன் பிறகுதான் ஏறுவதா, எங்கே முதல் வெட்டு வைப்பது என்று முடிவு செய்வார். அன்றைக்குத் தட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்குத் தட்டிக்கொண்டால் போயிற்று என்று அப்பாவும் விட்டுவிட்டார். தான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், போடலாமா என்று கேட்டிருக்கிறார். வெட்டுகிற கைதான் போட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். சூடம் காட்டினார்கள். அப்பா கோடாலியை ஓங்கி ஆள் உயரத்தில் ஒரு வெட்டுப் போட்டார். வெட்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை, உள்ளே மிஷின்கள் அப்படி ஓடிக்கொண்டிருந்தன. கோடாலி நின்றது. காம்பு மட்டும் லேசாக ஆடியது. நாமெல்லாம் கேட்டோரம் நின்று பார்த்தோமே, மறந்திருக்க மாட்டீர்கள்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் பொங்கலூர்ப் பக்கம் தென்னை ஏறிய ஒருவர் மட்டையோடு கீழே வந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தார். அப்பாவோடு சேர்ந்து வேலை செய்தவர் என்று அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த ஆளின் பெண்டாட்டி மூத்திர வாளியோடு தரையில் உட்கார்ந்திருந்ததை வந்து சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வாகை வேண்டாம், ரொம்ப உயரம் என்று அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. உயரத்தைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

மறுநாள் விடிகாலையில் கம்பெனிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனது அம்மாதான். கோடாலி மரத்தடியில் கிடந்தது. யாரும் எடுத்துப் போடவில்லை, அது தானாகத்தான் விழுந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் அப்பாவிடம் வந்து சொல்லியிருந்தால் அவர் மறுபடியும் குத்தி வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். அது அம்மாவுக்குத் தெரியும். அதனால் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நேரே முதலாளி வீட்டு வாசலுக்குப் போனாள். "மொதலாளி, கோடாலி கீழ கெடக்கு, வந்து பாருங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். ஞாயிறுதோறும் சர்ச்சில் முதல் வரிசையில் உட்காருகிறவள்தான். புருஷன் மேலே ஏறாமல் இருக்க மரமே பேசியது என்றால், மரத்துக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போகிறது என்று இருந்துவிட்டாள்.

அப்பா வந்தபோது கூட்டம் கூடிவிட்டது. அவர் கோடாலியை எடுத்துக்கொண்டு மரத்தில் இருந்த வெட்டுவாயைப் பார்த்தார். நான் போட்ட கோடாலி இதுவரைக்கும் கழன்றதில்லை என்றார். ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி கும்பிடாத குறையாகச் சொன்னார். "வேண்டாமுங்க. மரம் வாய் தொறந்து சொல்லிருச்சு. இனி அதத் தொட்டா எங்க குடும்பத்துக்கு ஆகாதுங்க." அவ்வளவு மரியாதையாகப் பேசுகிற மனிதரை எதிர்த்துப் பேச அப்பாவுக்கு வராது. அடாவடிக்காரர் என்றால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பார். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அம்மா அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பல நாளைக்குப் பிறகு அவளே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அதுவரை அந்த மரத்தடியில் நாய் படுத்துக் கிடக்கும். இப்போது அது சாமியாகிவிட்டது. மஞ்சள் சாயம் போட்ட பனியன் துணியைக் கிழித்து, கோடாலி வெட்டு மறைகிற மாதிரி மரத்தைச் சுற்றிக் கட்டினார்கள். புது ஷெட்டை வேறு பக்கம் தள்ளிக் கட்டினார்கள். மரத்தைச் சுற்றிச் சிமெண்டு மேடை போட்டார்கள். டீ நேரத்தில் கம்பெனி ஆட்கள் எல்லாம் அந்த மேடையில்தான் உட்கார்ந்தார்கள். வேதக்காரன் மனசில்லாமல் போட்டதால்தான் கோடாலி நிற்கவில்லை என்று ஒரு பேச்சு. அவன் போட்டதே குற்றம், மரம் கோபத்தில் இருக்கிறது என்று இன்னொரு பேச்சு. இரண்டும் அப்பா காதுக்கு வந்தன. பெரிய மரங்களுக்கு அவரைக் கூப்பிடுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மாமா மட்டும், "விடுங்க மச்சான், காத்தாட ஒக்காரதுக்கு நல்ல மேடை கெடச்சுதுல்லா" என்று சொல்லிச் சிரித்தார்.

ஆடி பிறந்து காற்று ஆரம்பித்தது. நம் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டைத் தூக்கும், கொடியில் போட்ட துணியை ஓடையில் போடும். நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். காலை டீ நேரம். மேடையில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்ததும் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஷெட்டுப் பக்கம் ஓடிவிட்டார்கள். மாமா ஓடவில்லை. எழுந்து நின்று கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்திருக்கிறார். எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகுதான் காலை எடுக்க வேண்டும் என்று அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் பழகிய பழக்கம். அவர் பார்த்து முடிப்பதற்குள் மரம் மேடையையும் பெயர்த்துக்கொண்டு வேரோடு சாய்ந்துவிட்டது.

அப்பாதான் வந்து கிளையை அறுத்து மாமாவை வெளியே எடுத்தார். உயிர் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று கம்பெனி வேனில் தூக்கிப் போட்டார்கள். அம்மா தலைமாட்டில் ஏறிக்கொண்டாள். வேனில் ஏற ஒரு காலைத் தூக்கி வைத்த அப்பா, திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். கேட்டை மறித்துக்கொண்டு மரம் கிடந்தது. சாயந்தரத்துக்குள் லாரி வந்து சரக்கு ஏற்ற வேண்டும், கப்பலுக்குப் போகிற சரக்கு என்று முதலாளி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்பா அதற்காகத்தான் இறங்கினார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். செத்துக்கிடக்கிற மச்சானைவிட முதலாளி லாரி பெரிதாகப் போயிற்று என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்து நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தபோது வீட்டில் யாரும் இல்லை. மரத்தடிக்குப் போனேன். அப்பா தனியாக அறுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் இழுக்கிற ரம்பத்தை ஒரு ஆளாக இழுத்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்தவர்களை எல்லாம் கிளைப்பக்கம் அனுப்பிவிட்டார். அடிமரத்துப் பக்கம் ஒருவரையும் விடவில்லை. வாகைத்தூள் மூக்கில் ஏறினால் தும்மலும் கண்ணீரும் நிற்காது. அப்பாவுக்கு மூக்கிலும் கண்ணிலும் ஒழுகிக்கொண்டே இருந்தது. தூள்தான் என்று நினைத்தேன்.

ஒரு துண்டு அறுபட்டுப் புரண்டது. மஞ்சள் துணி சுற்றியிருந்த துண்டு. உள்ளே மரமே இல்லை. பட்டைக்குக் கீழே விரற்கடை கனத்துக்குக் கட்டை, அதற்குள்ளே முழுக்கப் பொந்து. அந்தப் பொந்துக்குள் அணிலோ எலியோ எங்கிருந்தெல்லாமோ இழுத்துக்கொண்டு வந்த நூல்கழிவும் பனியன் துண்டும் அடைந்து கிடந்தன. சிவப்பு, நீலம், மஞ்சள், ரோஸ். மரத்துக்குள்ளே அத்தனை கலரை நான் எதிர்பார்க்கவில்லை. மாமா செத்துப்போன நாளில் எனக்கு அது அழகாக இருந்தது. குனிந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். அப்பா அதற்குள் வெளியே சுற்றியிருந்த மஞ்சள் துணியை உருவி எடுத்திருந்தார். பொந்தின் சுவரில் ஒரு நீளக் கோடாக வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதில் கண்ணை வைத்தால் வெளியே கம்பெனிச் சுவர் தெரிந்தது.

அது அப்பா போட்ட வெட்டு. கோடாலி கட்டையில் ஏறவே இல்லை. மேல்தோட்டைப் பிளந்துகொண்டு வெறும் பொந்துக்குள் போயிருக்கிறது. கவ்விப் பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லாததால் ராத்திரிக்குள் தன் கனத்துக்கே கழன்று விழுந்திருக்கிறது. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கலர் நூலும் ஒரு கோடு வெளிச்சமும்தான்.

அப்பா என்னைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். திட்டவில்லை. "பாத்தத அம்மாட்ட சொல்லாதட்டி" என்றார். அவ்வளவுதான். நூலைத் தொட்டு விளையாடினேன் என்று அம்மா அடிப்பாள், அதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அந்தத் துண்டைக் கோடாலியால் சிதைத்தார். அப்படி ஒரு ஆவேசமாக அவர் விறகு பிளந்து நான் பார்த்ததில்லை. நூலோடும் துணியோடும் சேர்த்து எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு போய்ச் சாயப்பட்டறை பாய்லர் வாயில் போட்டார். ஒரு சிராய்கூட மிச்சம் வைக்கவில்லை. லாரியும் நேரத்துக்கு வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு போனது.

அதன் பிறகு ஊர் அப்பாவை எப்படி நடத்தியது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீடுகளிலும் பேசியிருப்பார்கள். கோடாலி போட்டவனை விட்டுவிட்டு மரம் மச்சானை எடுத்துக்கொண்டது என்றார்கள். மரத்தில் கை வைக்க அவரை யாரும் கூப்பிடவில்லை. வெள்ளகோவில் வரைக்கும் போய்ப் பார்த்தார், பேச்சு அவருக்கு முன்னால் போயிருந்தது. கடைசியில் அதே சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு தள்ளுகிற வேலையில் சேர்ந்தார். அவ்வளவு உயரத்தில் காற்று வாங்கிய மனிதர், மிச்ச வாழ்க்கையை நெருப்புக்கு முன்னால் குனிந்தே கழித்தார். அவர் தள்ளிய விறகு யாரோ வெட்டினது. பனையேறக் காலில் மாட்டும் தளைநாரும் வடக்கயிறும் பரணில் கிடந்து எலி கடித்துப் போயின. கோடாலியை மட்டும் அம்மா யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் சண்டை என்றால் அது எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். குழம்பில் உப்புக் கூடியது என்று அப்பா முகத்தைச் சுளித்தால்கூடப் போதும். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுவாள். "எந்தம்பி ஒங்க கயித்த ஒரு நாளும் விட்டதில்ல. நீங்கதான் அவன விட்டுட்டீங்க." அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவரிடம் இருந்தது. கோடாலி விழுந்ததை ஊருக்குச் சொன்னது யார் என்று கேட்டிருந்தால் போதும். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் காலையில் மரத்தைத் தட்டியிருப்பேன், பொந்து தெரிந்திருக்கும், மரம் அன்றே கீழே வந்திருக்கும், உன் தம்பி இருந்திருப்பான் என்று சொல்லியிருக்கலாம். ஊரின் வாயையும் அடைத்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. அவர் செத்த அன்றுகூட அம்மா அந்த வரியைச் சொல்லித்தான் அழுதாள். சுற்றி நின்றவர்கள் பாவம் என்று அவளைத்தான் தேற்றினார்கள்.

நான் அப்போதெல்லாம் அம்மா பக்கம்தான் இருந்தேன். பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும். யார் சத்தமாக அழுகிறார்களோ அவர்கள் பக்கம் போய்விடும். பொந்தையும் வெளிச்சத்தையும் நான் மறந்தே போயிருந்தேன்.

இரண்டு வருஷம் முன்பு என் மகன் வீட்டுக்கு மேலே மாடி எடுத்து மிஷின் போடப்போகிறேன் என்று வாசல் வேம்பை வெட்ட ஆள் வைத்தான். கிரேனோடும் மிஷின் ரம்பத்தோடும் வடக்கத்திப் பையன்கள் வந்தார்கள். அம்மா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் சாப்பாட்டுப் பையை மாட்டுவதற்காகக் கையில் இருந்த கோடாலியை வேம்பில் ஒரு போடு போட்டான். பையை மாட்டிவிட்டுத் திரும்பியவுடன் பையும் கோடாலியும் தொப்பென்று கீழே விழுந்தன. அவன் சிரித்துக்கொண்டு, "அந்தர் காலி ஹை" என்றான். என்ன சொல்கிறான் என்று அம்மா கேட்டாள். கம்பெனியில் அவர்களோடு பேசிப் பேசி இந்தி பழகிய என் பேரன், "உள்ள பொந்தாமா பாட்டி. அதான் கோடாலி நிக்கலீங்கறான்" என்றான்.

எனக்கு அந்த ஒரு கோடு வெளிச்சம் அப்போதுதான் திரும்பி வந்தது.  அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கீழே கிடந்த கோடாலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் முழுக்க இறங்கி, அவர்கள் பெருக்கிவிட்டுப் போகிறவரை சேரை விட்டு எழுந்திருக்கவில்லை.  அன்று பகல் முழுக்க அவள் மாமா பேரை எடுக்கவில்லை.

சாயந்தரம் டீ கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஒங்கப்பாவுக்கு அது தெரியுமாட்டி?" என்று கேட்டாள். எதைக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டும். நூலைச் சொல்லியிருக்க வேண்டும், வேனிலிருந்து அவர் இறங்கியது லாரிக்காக இல்லை, அந்தப் பொந்தை மறைக்கத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் அத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு காத்தது இந்த ஒரு கேள்வி அவளுக்கு எழாமல் இருக்கத்தானே. அதை நான் எப்படி உடைப்பது?

"தெரியாதும்மா" என்றேன்.

அம்மா டீயை மெதுவாகக் குடித்து முடித்தாள். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. "அதான் நானும் நெனச்சேன்" என்றாள். "தெரிஞ்சிருந்தா சொல்லிக் காட்டாம விட்டிருப்பாரா? அவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கிட்டு ஒரு மனுசன் சும்மா இருப்பானாட்டி?"

"இருக்க மாட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.